"ஐ ஆம் நாட் இன் லவ்": இந்தப் பாட்டைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு யார் வந்தாலும் காபியோடு சேர்த்து இந்தப் பாட்டையும் போட்டுக் காட்டுகிற பழக்கம் எனக்கு உண்டு. ஆறு நிமிடம் ஓடும். முடிந்ததும் வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துக்கொண்டு பதில்களை இங்கே எழுதிவிட்டேன். முதலில் சாதாரணக் கேள்விகள், போகப் போகக் கொஞ்சம் சிக்கலானவை.

இது யாரோட பாட்டு? எந்த வருஷம் வந்தது?

டென் சிசி என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் பாட்டு. எரிக் ஸ்டூவர்ட்டும் கிரஹாம் கோல்ட்மனும் சேர்ந்து எழுதியது. பாடியவர் ஸ்டூவர்ட். குழுவில் இன்னும் இரண்டு பேர் உண்டு: கெவின் காட்லி, லோல் கிரீம். 1975 மார்ச்சில் வந்த "தி ஒரிஜினல் சவுண்ட்டிராக்" ஆல்பத்தில் இந்தப் பாட்டு இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது எந்தப் படத்தின் பாட்டுத் தொகுப்பும் இல்லை. அப்புறம் மே மாதத்தில் சிங்கிளாக, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் இருக்கும் சின்ன இசைத்தட்டாக, தனியே வந்தது.

இவர்கள் அப்போது புதுமுகங்கள் இல்லை. ஸ்டூவர்ட் இருந்த மைண்ட்பெண்டர்ஸ் குழுவின் "எ குரூவி கைண்ட் ஆஃப் லவ்" 1966இலேயே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வாராந்தரப் பாட்டுப் பட்டியலில் இரண்டாவது இடம் வரை போன பாட்டு. கோல்ட்மன் மற்றவர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தே பெயர் வாங்கியவர். ஹாலிஸ் குழுவின் "பஸ் ஸ்டாப்", யார்ட்பேர்ட்ஸ் குழுவின் "ஃபார் யுவர் லவ்" இரண்டும் அவருடையவை.

டென் சிசின்னா? ஏதோ மொபெட் இன்ஜின் சைஸ் மாதிரி இருக்கே?

நமக்கு சிசி என்றால் வண்டிதான் ஞாபகம் வரும். இந்தப் பெயரை வைத்தவர் இவர்களுடைய முதல் தட்டுகளை வெளியிட்ட ஜொனதன் கிங். இந்தப் பெயர் போட்ட விளம்பரப் பலகை ஒன்று தன் கனவில் வந்ததாகவும், உலகத்திலேயே சிறந்த குழு என்று அதில் எழுதியிருந்ததாகவும் அவர் சொன்னார். வேறொரு விளக்கமும் உலவுகிறது. அது பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் சொல்கிற மாதிரியானது இல்லை, விட்டுவிடுவோம்.

சாஃப்ட் ராக்னா என்ன? ராக்னாலே சத்தம்தானே?

ராக் இசையின் கிதார், டிரம்ஸ், பாட்டுக் கட்டமைப்பு எல்லாம் இருக்கும், முரட்டுத்தனம் மட்டும் இருக்காது. மெட்டும் குரலும் முன்னால் நிற்கும். 70களில் அமெரிக்க வானொலியில் இந்த வகைக்கு நல்ல கிராக்கி. பிரெட், கார்பென்டர்ஸ், பிற்பாடு ஏர் சப்ளை எல்லாம் இந்த வரிசையில் வருகிறவர்கள்.

டென் சிசியை முழுக்க சாஃப்ட் ராக் குழு என்று சொல்லிவிட முடியாது. அவர்களுடைய மற்ற பாட்டுகளில் பாதி கிண்டலும் குறும்பும்தான். 1973இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த "ரப்பர் புல்லட்ஸ்" ஒரு சிறைச்சாலைக் கூத்து. அதே ஆட்களா இதைச் செய்தார்கள் என்று தோன்றும். ஆனால் சாஃப்ட் ராக் என்ற பெட்டிக்குள் எந்தெந்தப் பாட்டைப் போடலாம் என்று பட்டியல் எடுத்தால் இந்தப் பாட்டு முதல் ஐந்துக்குள் வந்துவிடும்.

காதலே இல்லைன்னு பாடறான். இதைப் போய் காதல் பாட்டுங்கிறீங்களே?

பாட்டு முழுக்க ஒருவன் தனக்குக் காதல் இல்லை என்று சாதிக்கிறான். அவள் படம் சுவரில் மாட்டியிருக்கிறதே என்றால், அது சுவரில் இருக்கும் கறையை மறைக்கத்தான் என்கிறான். கறையை மறைக்க ஒரு காலண்டர் போதாதா? இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல நமக்கு உண்மை விளங்கிவிடுகிறது. பழிப்பது போலப் புகழ்வதும் புகழ்வது போலப் பழிப்பதும் நமக்குப் புதிதில்லை. அந்த வழியில் கேட்டால் இது சுலபமாகப் புரியும்.

இதற்குப் பின்னால் ஒரு வீட்டுப் பேச்சு இருக்கிறது. ஏன் இன்னும் அடிக்கடி என்னிடம் "ஐ லவ் யூ" சொல்லக் கூடாது என்று ஸ்டூவர்ட்டின் மனைவி கேட்டிருக்கிறார். அப்போது கல்யாணமாகி ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தால் அந்தச் சொல்லுக்கே மதிப்புப் போய்விடும் என்பது ஸ்டூவர்ட்டின் எண்ணம். அப்படியானால் அதைச் சொல்லாமலே சொல்வது எப்படி என்று யோசித்ததில் வந்த பாட்டு இது. நம் தாத்தாக்களில் எத்தனை பேர் பாட்டியிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பார்கள்?

பின்னாடி கேக்குதே, அது கோயரா, கீபோர்டா?

இரண்டும் இல்லை. அது மூன்று ஆண்களின் குரல். கோல்ட்மன், காட்லி, கிரீம் மூவரும் மைக் முன்னால் நின்று "ஆ..." என்று ஒரே சுரத்தைப் பிடித்துப் பாட, ஸ்டூவர்ட் பதிவு செய்தார். அதே சுரத்தைத் திரும்பப் பாடி ஏற்கெனவே பதிவானதன் மேல் சேர்த்தார்கள். இப்படிப் பதினாறு தடவை. மூன்று பேர், பதினாறு தடவை என்றால் ஒரு சுரத்துக்கு 48 குரல். அது முடிந்ததும் அடுத்த சுரம்.

இன்று கம்ப்யூட்டரில் ஒரு நொடியில் படியெடுத்து ஒட்டிவிடலாம். ஆனால் படியெடுத்த குரல் 48 இருந்தாலும் காதுக்கு அது ஒரே குரல்தான். இங்கே ஒவ்வொரு தடவையும் மூச்சும் சுருதியும் மயிரிழை விலகும். அந்த விலகல்தான் நீங்கள் கோயர் என்று நினைக்கிற அந்த அகலத்தைக் கொடுக்கிறது.

624 பேர் பாடினதா எங்கேயோ படிச்சேனே?

பேர் இல்லை, குரல். முந்தைய பதிலில் சொன்ன 48ஐப் பதிமூன்றால் பெருக்குங்கள், 624 வரும். பதிமூன்று எங்கிருந்து வந்தது என்றால், கீழ் ஸட்ஜத்தில் தொடங்கி, இடையில் உள்ள சுரஸ்தானங்கள் எல்லாவற்றையும் தொட்டு, மேல் ஸட்ஜம் வரை எண்ணிப் பாருங்கள். இந்தக் குரல் வேலைக்கு மட்டும் மூன்று வாரம் ஆனது. மூன்று வாரமாக "ஆ" மட்டும் பாடிக்கொண்டிருந்தவர்களின் தொண்டையை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

சரி, மனுஷன் மூச்சு விடணுமே? அந்த "ஆ" நிக்கவே இல்லையே?

நல்ல கேள்வி. இதைக் கேட்கிறவர்களுக்கு இரண்டாவது காபி உண்டு.

பதிவான ஒலிநாடாவை வெட்டி, முனையோடு முனை ஒட்டி வளையமாக்கினார்கள். வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும் வரை ஒலியும் வந்துகொண்டே இருக்கும். இதுதான் டேப் லூப். கிரீம் கொடுத்த யோசனை. ஆனால் ஒட்டின இடம் டேப் மெஷினின் ஹெட்டை, அதாவது நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் பாகத்தை, கடக்கும்போதெல்லாம் லேசாக ஒரு "டிக்" கேட்கும். வளையம் சின்னதாக இருந்தால் அது அடிக்கடி வந்து காதைக் குத்தும். அதனால் சுமார் 12 அடி நீள வளையங்களாகச் செய்தார்கள். அவ்வளவு நீளத்துக்கு மெஷினில் இடமேது? அதனால் கொஞ்ச தூரத்தில் ஒரு மைக் ஸ்டாண்டை நிறுத்தி, அதில் ஒரு உருளையைப் பொருத்தி, நாடா அதைச் சுற்றிக்கொண்டு திரும்பி வருகிற மாதிரி ஏற்பாடு. கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடுகிற மாதிரி, ஸ்டுடியோவின் குறுக்கே பழுப்பு நாடா ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்தக் குரல்களை வெச்சு மெட்டு எப்படி வாசிச்சாங்க?

ஒலிகளைக் கலக்கும் மேஜையான மிக்சிங் டெஸ்க்கையே ஆர்மோனியம் ஆக்கிவிட்டார்கள். அவர்களிடம் இருந்தது பதினாறு டிராக் டேப் மெஷின், அதாவது ஒரே நாடாவில் பதினாறு ஒலிகளைத் தனித்தனியாகப் பதியலாம். ஒவ்வொரு சுரத்தின் குரல் கூட்டமும் ஒரு டிராக்கில். டெஸ்க்கில் ஒவ்வொரு டிராக்குக்கும் ஒரு ஃபேடர், அதாவது மேலும் கீழும் நகர்த்தும் ஒலியளவுக் கட்டை. எந்த கார்டு, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரச் சேர்க்கை, வேண்டுமோ அதற்கான சுரங்களின் ஃபேடரை மட்டும் ஏற்றுவது, கார்டு மாறும்போது அவற்றை இறக்கி வேறு சிலவற்றை ஏற்றுவது. ஒருவர் கை போதாது. நான்கு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு டெஸ்க்கின் முன் நின்று ஆளுக்குச் சில ஃபேடர்களை நகர்த்தினார்கள்.

பதிமூன்று டிராக்கைக் குரலே பிடித்துக்கொண்டால் மற்றதற்கு இடம் ஏது என்று கேட்பீர்கள். வாசித்து முடித்த குரல் இசையை இரண்டு டிராக்கில் சுருக்கிவிட்டு மிச்சத்தைக் காலி செய்தார்கள். மற்ற வாத்தியங்கள் மிகக் குறைவு. ஸ்டூவர்ட் வாசித்த ரோட்ஸ் எலெக்ட்ரிக் பியானோ, கோல்ட்மனின் கிதார், நடுவில் அவருடைய பேஸ் கிதார், அப்புறம் மூக் சிந்தசைசரில் காட்லி எழுப்பிய, இதயத் துடிப்பு மாதிரி ஒலிக்கும் அந்தத் தாளம்.

நடுவுல ஒரு பொண்ணு ஏதோ கிசுகிசுக்குதே, யார் அது?

அந்த ஸ்டுடியோவின் வரவேற்பாளர். பாடகி இல்லை. பாட்டின் நடுப்பகுதிக்கு ஏதோ ஒன்று குறைகிறதே என்று இவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, ஸ்டூவர்ட்டுக்கு போன் வந்திருக்கிறது என்று சொல்ல அவர் கதவைத் திறந்து ரகசியக் குரலில் பேசினார். இதுதான் நமக்கு வேண்டிய குரல் என்று கிரீம் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் முதலில் தயங்கி, பிறகு ஒத்துக்கொண்டார். பெரிய பையன்கள் அழ மாட்டார்கள், சத்தம் போடாதே என்று சொல்கிறார். அழாதே என்று சொல்வதால், பாடுகிறவன் அழுதுகொண்டிருக்கிறான் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. சுவர்க் கறைக் கதையையும் இதையும் சேர்த்துப் பாருங்கள்.

முதல்ல இந்தப் பாட்டை வேண்டாம்னு தூக்கிப் போட்டாங்களாமே, நிஜமா?

நிஜம்தான். முதலில் இதை பொசா நோவா தாளத்தில், பிரேசில் பாணியில் இலகுவாக ஆடுகிற பாட்டாகத்தான் பதிவு செய்தார்கள். காட்லிக்கு அறவே பிடிக்கவில்லை. பாட்டைக் கைவிட்டு, டேப்பையும் அழித்துவிட்டார்கள்.

ஆனால் ஸ்டுடியோவில் வேலை செய்தவர்கள் போகும்போதும் வரும்போதும் அந்த மெட்டையே முணுமுணுத்துக்கொண்டிருந்ததை ஸ்டூவர்ட் கவனித்தார். அழித்த பாட்டு ஆட்களின் வாயில் உயிரோடு இருந்தது. மறுபடி எடுக்கலாமா என்று கேட்டபோது, வாத்தியமே இல்லாமல் குரலால் மட்டும் செய்து பார்ப்போம் என்று சொன்னவர், வேண்டாம் என்ற அதே காட்லி. என்னைக் கேட்டால் இந்தப் பாட்டின் கதையிலேயே ருசியான இடம் இதுதான். எதிர்த்தவர் பேச்சுக்குத் தலையாட்டியிருந்தால் பாட்டே இல்லை. அவர் எதிர்க்காமல் இருந்திருந்தாலோ, இது இன்னொரு பொசா நோவா பாட்டாக வந்து போயிருக்கும்.

மூணு வாரம் ஸ்டுடியோ வாடகைக்கே சொத்து போயிருக்குமே?

அவர்கள் வாடகையே கொடுக்கவில்லை. ஸ்டுடியோவில் அவர்களுக்கே பங்கு இருந்தது. மான்செஸ்டரை ஒட்டிய ஸ்டாக்போர்ட் ஊரில் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோஸ் என்று பெயர். பீட்டர் டாட்டர்சாலும் ஸ்டூவர்ட்டும் சேர்ந்து நடத்தினார்கள், பிறகு கோல்ட்மனும் பணம் போட்டுக் கூட்டாளியானார். பெயர், பீட்டில்ஸ் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்தது. டென் சிசி ஆவதற்கு முன்னால் இதே நால்வர் அங்கே மற்றவர்களுக்கு வாத்தியம் வாசித்துப் பிழைத்தார்கள். அமெரிக்கப் பாடகர் நீல் செடாக்காவின் இரண்டு ஆல்பங்களில் பின்னணி வாசித்தது இவர்கள்தான்.

லண்டனில் மணிக்கணக்கில் வாடகை கொடுக்கிற குழுவாக இருந்திருந்தால் ஐந்தாவது சுரத்திலேயே கம்பெனிக்காரர்கள் வந்து விளக்கை அணைத்திருப்பார்கள். சொந்தக் களத்தில் சொந்த நெல் அடித்தவர்கள், அவசரமே இல்லை. ஜாய் டிவிஷன் குழுவின் "அன்நோன் பிளஷர்ஸ்" ஆல்பமும் 1979இல் இதே ஸ்டுடியோவில்தான் பதிவானது. 1993இல் ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள். கட்டடம் இருக்கிறது, வாசலில் நினைவுப் பலகை மாட்டியிருக்கிறார்கள்.

சார்ட்ல எவ்வளவு தூரம் போச்சு?

பிரிட்டனில் முதலிடம், 1975 ஜூன் 28 தேதியிட்ட பட்டியலில் தொடங்கி இரண்டு வாரம். கனடாவிலும் அயர்லாந்திலும் முதலிடம். அடுத்த வருடம், பாட்டு எழுதுகிறவர்களுக்கு பிரிட்டனில் கொடுக்கும் ஐவர் நோவெல்லோ விருதுகள் மூன்று கிடைத்தன.

ஒரு கொசுறுத் தகவல். பிரிட்டனில் இவர்களுக்கு முன் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது "விஸ்பரிங் கிராஸ்" என்ற பழைய பாட்டு. பாடியவர்கள் வின்ட்சர் டேவிஸ், டான் எஸ்டெல் என்ற இரண்டு நகைச்சுவை நடிகர்கள். அவர்கள் நடித்த டிவி தொடரின் கதை நடப்பது மகாராஷ்டிரத்தின் தேவ்லாலி ராணுவ முகாமில். 624 குரல் வந்து இடத்தைப் பிடிப்பதற்கு முன், அங்கே ஒரு காமெடி ஜோடி உட்கார்ந்திருந்தது.

அமெரிக்காவுல நம்பர் ஒன் ஆகலையா? யார் தடுத்தது?

பில்போர்டு பத்திரிகையின் ஹாட் 100 பட்டியலில் தொடர்ந்து மூன்று வாரம் இரண்டாவது இடம். மேலே ஒரே பாட்டு நந்தி மாதிரி மறைத்துக்கொண்டு நின்றிருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொள்ளலாம். மூன்று வாரமும் மூன்று வேறு வேறு பாட்டுகள். ஜூலை 26 பட்டியலில் வேன் மெக்காயின் டிஸ்கோ பாட்டு "தி ஹசில்". ஆகஸ்ட் 2இல் ஈகிள்ஸ் குழுவின் "ஒன் ஆஃப் தீஸ் நைட்ஸ்". ஆகஸ்ட் 9இல் பீ ஜீஸ் குழுவின் "ஜைவ் டாக்கிங்". ஒவ்வொரு வாரமும் மேலே இருந்தவர் இறங்கினார், ஆனால் இவர்களைத் தாண்டி இன்னொருவர் ஏறிவிட்டார்.

பீ ஜீஸ் சகோதரர்கள் சின்ன வயதில் வளர்ந்தது மான்செஸ்டரின் சோர்ல்டன் பகுதியில். ஸ்டாக்போர்ட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். கடைசியில் அமெரிக்காவில் இவர்கள் வழியை அடைத்தது பக்கத்து வீட்டுப் பையன்கள்.

அப்போ கம்ப்யூட்டர் ஏது? நம்பர் ஒன், நம்பர் டூன்னு எப்படிக் கணக்குப் பார்த்தாங்க?

இரண்டு நாட்டிலும் முறை வேறு. பிரிட்டனில் அப்போது பிரிட்டிஷ் மார்க்கெட் ரிசர்ச் பீரோ என்ற நிறுவனம் பட்டியலைத் தயாரித்தது. தேர்ந்தெடுத்த சில நூறு இசைத்தட்டுக் கடைகளில், எந்தத் தட்டு விற்றது என்று ஒரு டைரியில் கையால் குறித்து வைப்பார்கள். அதை வாரா வாரம் வாங்கிக் கூட்டிப் பட்டியல் போடுவார்கள். விற்பனை மட்டும்தான் கணக்கு.

அமெரிக்காவில் பில்போர்டு பத்திரிகை கடை விற்பனையோடு வானொலியில் எவ்வளவு ஒலிக்கிறது என்பதையும் சேர்த்தது. அதுவும் கடைக்காரர்களும் வானொலிக்காரர்களும் சொன்ன தகவலை நம்பித்தான். பார்கோடு வழியாக எண்ணும் முறை ஹாட் 100க்கு வந்தது 1991இல். ஆகவே முதலிடத்துக்கும் இரண்டாவது இடத்துக்கும் எத்தனை தட்டு வித்தியாசம் என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

நான் ரேடியோவுல கேட்டது நாலு நிமிஷம்கூட இல்லை. நீங்க போட்டது ஆறு நிமிஷம் ஓடுதே?

ஆல்பத்தில் இருப்பது ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அமெரிக்காவில் சிங்கிளாக வந்தபோது நான்கு நிமிடத்துக்குள் அடங்குமாறு வெட்டினார்கள். வானொலிக்காரர்களுக்கு விளம்பரங்களுக்கு இடையில் பொருந்துகிற பாட்டுத்தான் வேண்டும். வெட்டியதைக் கேட்டால் பாட்டு புரியும். ஆனால் இந்தப் பாட்டு ஒன்றும் செய்தி இல்லை, புரிந்ததும் எழுந்து போவதற்கு.

இன்னொன்று: இந்த ஆல்பத்திலிருந்து முதலில் சிங்கிளாக வந்தது இது இல்லை, "லைஃப் இஸ் எ மினஸ்ட்ரோனி". அது பிரிட்டனில் ஏழாவது இடம் வரை போனது.

இது ஒண்ணுதான் ஹிட்டா? அப்புறம் என்ன ஆனாங்க?

பிரிட்டனில் மூன்று தடவை முதலிடம்: மேலே சொன்ன "ரப்பர் புல்லட்ஸ்", இந்தப் பாட்டு, 1978இல் "டிரெட்லாக் ஹாலிடே". கிரிக்கெட் பிடிக்கும் என்று ஒரு வரி வருமே, மேட்ச் ஒளிபரப்பில்கூட ஒலிக்கும், அதுதான்.

ஆனால் அந்த மூன்றாவது பாட்டின்போது குழுவில் பாதிப் பேர் இல்லை. காட்லியும் கிரீமும் 1976இல் விலகிவிட்டார்கள். கிதார் தந்திகளைச் சின்னச் சக்கரங்களால் உரசி வயலின் மாதிரி ஒலிக்க வைக்கும் கிஸ்மோ என்ற கருவியைக் கண்டுபிடித்து, அதைக் காட்ட மூன்று தட்டு கொண்ட "கான்சிக்வன்சஸ்" ஆல்பத்தை 1977இல் போட்டார்கள். போணியாகவில்லை. பிறகு இருவரும் இசை வீடியோ இயக்குநர்களாகி, 1983இல் போலீஸ் குழுவின் "எவ்ரி பிரெத் யூ டேக்" உட்பட அந்தக் காலத்தின் பெரிய வீடியோக்களை எடுத்தார்கள். மிஞ்சிய இருவரின் "தி திங்ஸ் வீ டூ ஃபார் லவ்" அமெரிக்காவில் ஐந்தாவது இடம் வரை வந்தது. நல்ல பாட்டு. ஆனால் வேண்டாம் என்று சொல்ல எதிரே ஆள் இல்லாதது அதில் எனக்குக் கேட்கும்.

இதை ஏதோ சூப்பர் ஹீரோ படத்துல கேட்ட மாதிரி இருக்கே?

2014இல் வந்த "கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி". படத்தின் முதல் காட்சி. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு சிறுவன் வாக்மேனில் இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான், உள்ளே அம்மா சாகக் கிடப்பாள். அழக் கூடாது என்று ஒரு பெண் குரல் சொல்கிற பாட்டை அங்கே வைத்தவருக்கு நல்ல காது. அந்தப் படத்தின் பழைய பாட்டுத் தொகுப்பு அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1975இல் இரண்டோடு நின்ற பாட்டு, 39 வருடம் கழித்து இன்னொரு வண்டியில் ஏறி ஒன்றாம் எண்ணுக்குப் போனது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

வேற யாரும் பாடலையா?

நிறைய. வில் டு பவர் குழு 1990இல் பாடியது அமெரிக்காவில் ஏழாவது இடம் வரை போனது. பிரிடெண்டர்ஸ் குழுவும் பாடியிருக்கிறது. மெட்டு நல்ல மெட்டு என்பதால் யார் பாடினாலும் கேட்கலாம். ஆனால் அவற்றைக் கேட்டு முடித்ததும் எனக்குக் கை தானாக அசலைத் தேடும்.

உங்க ஸ்பீக்கர் ரிப்பேரா? பாட்டு அமைதியா இருக்கிற இடத்துலகூட ஏதோ இரையுதே?

இதைக் கேட்டவர் எங்கள் மாமா. டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர், இரைச்சல் என்றால் அவர் காதுக்குத் தப்பாது. ஸ்பீக்கரின் பின்னால் போய் ஒயரை எல்லாம் ஆட்டிப் பார்த்துவிட்டார்.

இரைச்சல் உண்மைதான், ஆனால் அது ஸ்பீக்கரில் இல்லை. ஃபேடர்களை ஏற்றி இறக்கினார்கள் என்று முன்பு சொன்னேன் அல்லவா, அந்த ஃபேடர்கள் அடி வரை இறங்காதபடி டெஸ்க்கின் கீழ்ப்பக்கம் குறுக்கே ஒட்டு டேப்பை ஒட்டி வைத்தார்கள். அதனால் எந்தச் சுரமும் முழுதாக அணையவில்லை. கார்டில் இல்லாத சுரங்களும் மெலிதாகப் பின்னால் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன, 624 குரலும், பாட்டு முடிகிற வரை. இதைச் சொன்னதும் மாமா ஒயரை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். "அப்போ முதல்லேர்ந்து போடு" என்றார்.